ராவுத்தர் வீட்டு டிஷ்வாஷரும் ஒரு சஹனும்

டிஷ்வாஷரின் கதவு மூடவில்லை. மேல் ராக்கைக் கழற்றிவிட்டுப் படுக்க வைத்துப் பார்த்தேன். நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். மூலைக்கு மூலை சாய்த்தும் பார்த்தேன். சஹன் அடங்கவில்லை. சுற்றி நின்றவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டில் 'எல்லாம் சரி' என்று ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் எழுதி முடித்திருந்தேன்.

சஹன் என்பது நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய வட்டத் தட்டு. இந்த வீட்டுச் சஹன் இரண்டரை அடிக்கு ஒரு விரல் குறைவு. டிஷ்வாஷரின் உள் அகலம் இரண்டு அடிகூட இல்லை. இதை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்பதைத்தான் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. முட்டை வாடை

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் முடித்துவிட்டு, தேனியில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் ஷோரூமில் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். தினமும் மின்வெட்டு இருந்த காலம். இன்வெர்ட்டரும் ஸ்டெபிலைசரும் போட்டி போட்டு விற்றன. டிஷ்வாஷர் மட்டும் ஒரு வருடமாக ஒரு மூலையில் நின்றது. முதலாளி அதன் தலையில் டீ கிளாஸ் வைப்பார்.

"இதை எவன் வாங்கப் போறான்? கம்பெனிக்காரன் தலையில கட்டிட்டுப் போயிட்டான்" என்பார்.

ஒரு காலையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்து அதன் முன் நின்றார். பெயர் காதர் மைதீன் ராவுத்தர். உத்தமபாளையத்தில் ஏலக்காய் வியாபாரம். கதவைத் திறந்து, குனிந்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்தார்.

"சோறாக்கி அடிப்பிடிச்ச தேக்சாவை இது என்ன செய்யும், பாப்பா?"

"அரை மணி நேரம் ஊற வச்சுப் போடணும் சார். அலுமினியம்னா போடக் கூடாது, கறுத்துரும்."

"முட்டை ஊத்துன கிண்ணம்? வாடை போகுமா?"

"சுடுதண்ணியிலதான் கழுவும் சார். போயிரும்."

"டம்ளர் அடியில ஒரு வெள்ளை வளையம் நிக்குமே, விரல் விட்டாலும் எட்டாதே, அது?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அதுவரை டிஷ்வாஷர் பக்கம் வந்த ஆண்கள் எல்லாரும் எத்தனை வாட், எத்தனை வருட வாரண்ட்டி என்றுதான் கேட்டிருந்தார்கள். டம்ளரின் அடி வளையம், கழுவுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

"யார் சார் வீட்ல கழுவுறாங்க?"

"வீட்டுலதான்" என்று சொல்லிவிட்டு அவர் விலைச்சீட்டைப் படிக்க ஆரம்பித்தார்.

2. ஒன்பது கேள்விகள்

கம்பெனி கொடுத்த படிவம் எனக்குப் போதவில்லை. நானே ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். பதினைந்து ஆம்பியர் பாயிண்ட் தனியாக இருக்கிறதா, எர்த் இருக்கிறதா, மேல்தொட்டி எவ்வளவு உயரம், ஆற்றுத் தண்ணீரா போர்வெல் தண்ணீரா, வடிகால் எவ்வளவு தூரம், மின்வெட்டு எந்த நேரம், வைக்கும் இடத்தின் அளவு, வீட்டில் எத்தனை பேர், பாத்திரங்கள் என்னென்ன. ஒன்பது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மறுநாள் பதினோரு மணிக்கு உத்தமபாளையம் போனேன். ராவுத்தரின் மனைவி நூர்ஜஹான் கதவைத் திறந்தார். இரண்டு கையிலும் பருத்தி உறை. வணக்கம் சொல்லக் கையைத் தூக்கியவர் பாதியில் இறக்கிக்கொண்டார்.

"சோப்பு ஒத்துக்கல பாப்பா. தோலு வெடிச்சுருது. மதுரைல டாக்டர் தண்ணியவே தொடாதேங்கிறாக. ஆள் வச்சோம், அதுக்குக் கல்யாணமாகிப் போயிருச்சு."

"அப்ப யாரும்மா கழுவுறது?"

பத்தாவது படிக்கும் இளைய மகள் ரிஸ்வானா தலைவலி என்று லீவு போட்டுவிட்டு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "எங்க அத்தாதான்கா கழுவுறாக. கொல்லக் கதவைச் சாத்திக்கிட்டு." அத்தா என்றால் அப்பா.

"ஏய், வாயை மூடு."

"கூட ரேடியோவச் சத்தமா வச்சுக்குவாக. பாத்திரம் உருள்றது வெளிய கேக்கக் கூடாதுல்ல."

நூர்ஜஹான் சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒன்றரை வருசமா அவுகதான் பாப்பா. ஆனா சீசன்ல விடியறதுக்கு முன்ன போடி ஏலத்துக்குப் போயிருவாக. பிள்ளைகளும் ஏழரை பஸ்ஸுக்கு ஓடிருதுக. அம்புட்டுப் பாத்திரமும் அங்கன கெடக்கும். பாத்துக்கிட்டு உக்கார முடியுமா? கழுவிருவேன். கை மறுபடி வெடிச்சுரும். அவுக வந்து கையப் பாத்துட்டுப் பேச மாட்டாக."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே அளவெடுத்தேன். ஆற்றுத் தண்ணீர், உப்பு குறைவு. எர்த் சரி. எட்டாவது கேள்வி: நான்கு பேர். ஒன்பதாவதுக்கு அவர் பெரிய தேக்சா, குழம்புச் சட்டி, டம்ளர்கள், கிண்ணங்கள் என்று சொல்லச் சொல்ல எழுதினேன். தட்டு என்ற இடத்தில் நானாகவே 'நான்கு' என்று போட்டேன். நான்கு பேருக்கு நான்கு தட்டு. இதைக் கேட்கவும் வேண்டுமா என்று நினைத்தேன். அடுப்படி மேடையில் ஒரே ஒரு சின்னத் தட்டும் ஒரு ஸ்பூனும் கவிழ்த்து வைத்திருந்ததைக் கண் பார்த்தது. எண்ணவில்லை.

கிளம்பும்போது அவர் கேட்டார். "இது வந்தா கை ஆறிருமா பாப்பா?"

"தண்ணி படாம இருந்தா ஆறும்னுதானம்மா டாக்டர் சொல்றாங்க."

"பிள்ளைகளோட உக்காந்து கையால சோறு திங்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

கம்பெனி இரண்டு மாடல் விற்றது. மேடை மேல் வைக்கும் சின்னது, எங்கள் கடையில் நின்றதுபோலத் தரையில் நிற்கும் பெரியது. தேக்சா இருப்பதால் பெரியது என்று பரிந்துரை எழுதினேன். அந்தப் பரிந்துரையில் தப்பில்லை.

3. முதலாளியின் யோசனை

மெஷின் இறங்கிய நாள் சனிக்கிழமை. எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். லைன் கொடுத்து முதல் லோடு ஓட்டினேன். தேக்சா, சட்டி, டம்ளர் எல்லாம் சூடாக, பளிச்சென்று வெளியே வந்தன. ராவுத்தர் ஒரு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கி அடியைப் பார்த்தார். வளையம் இல்லை. தலையாட்டினார். அப்போதுதான் கல்லூரியில் படிக்கும் மூத்த மகள் ஷமீம், பரணுக்குக் கீழே சுவரில் சாய்த்திருந்த சஹனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதை எங்கன வைக்கணும்?"

"விசேஷத்துக்கு எடுக்கிறதா?"

"இல்லக்கா. தினமும் இதுலதான் சாப்பிடுறோம்."

அதன் பிறகு நடந்ததுதான் நான் முதலில் எழுதியது.

வாசலுக்கு வந்து முதலாளிக்குப் போன் போட்டேன்.

"ஏத்தா, வட்டத்தைக் குறைக்கச் சொல்ல முடியாதா?"

"அண்ணாச்சி, விளையாடாதீங்க."

"சரி, இப்பிடிச் செய்யி. ஒரு டஜன் சில்வர் தட்டு நம்ம கணக்குல குடுத்துருவோம்னு சொல்லு. ஆளுக்கொரு தட்டுல சாப்பிட்டா மெஷினுக்கும் சுளுவு. ஒரு வருசமா நின்ன சரக்கு, திருப்பிக் கொண்டாந்துறாத."

நான் உள்ளே போய் அதை அப்படியே சொன்னேன். சொல்லும்போது அது நியாயமான யோசனையாகத்தான் தோன்றியது.

நூர்ஜஹான் உறை போட்ட கையால் மேடையிலிருந்த சின்னத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"குழம்பு பட்டா கை எரியுதுன்னு நான் ஒருத்திதான் தனித்தட்டு, ஸ்பூனு. அவுக மூணு பேரும் சஹன்ல சாப்பிடுவாக, நான் இந்த ஓரத்துல. கை ஆறுனா திரும்ப அதுல போயி உக்காரலாம்னுதான் இந்த மெஷினே. இப்ப அவுகளும் எல்லாரும் தனித்தட்டுக்கு வந்துட்டா, நான் ஆறி எங்கன போயி உக்கார்றது?"

படிவத்தில் 'நான்கு' என்று எழுதியிருந்த கட்டம் கண் முன்னால் நின்றது. அவர்களுக்குத் தினமும் நடப்பது என்பதால் அவர்கள் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வீடுகளில் ஆளுக்கொரு தட்டு என்பதால் நான் கேட்கவில்லை.

"அம்மா, இது என் தப்பு" என்றேன். "சஹன் இருக்குன்னு கேட்டிருந்தா, இது எந்த மெஷின்லயும் போகாதுன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன். வேணாம்னா நான் திருப்பி எடுத்துக்கிறேன். முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

ராவுத்தர் அதுவரை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தார். அதை மெதுவாக வைத்துவிட்டுச் சஹனை எடுத்தார்.

"மத்ததை எல்லாம் இது கழுவட்டும். இதை நான் கழுவிக்கிறேன்."

புது மெஷினைப் பார்க்கப் பக்கத்து வீட்டு அம்மா வந்து கொல்லைப்புற மதில் மேல் கையூன்றி நின்றிருந்தார். அவர்தான் கேட்டார். "என்ன ராவுத்தரே, நீங்களா கழுவப் போறீக?"

ரிஸ்வானா வாயைப் பொத்திக்கொண்டாள். நூர்ஜஹான் தரையைப் பார்த்தார். ராவுத்தர் கொல்லைக் கதவை முழுதாகத் தள்ளித் திறந்தார். குழாயடிக்குப் போய் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"என்ன புதுசாக் கேக்குறீக? ஒன்றரை வருசமா நான்தான் கழுவுறேன். ஒங்க வீட்டுக்காரரையும் அனுப்புங்க, கத்துக் குடுக்குறேன்."

"அதானே பாத்தேன்!" என்றார் அந்த அம்மா. "வெடியக் காலைல என்னத்துக்கு ரேடியோ இப்பிடி அலறுதுன்னு."

சஹனை அவர் கழுவியதை அன்று பார்த்தேன். முதலில் தேங்காய் நாரால் விளிம்பைச் சுற்றி ஒரு வட்டம், அப்புறம் உள்ளே ஒரு வட்டம், கடைசியில் நடு. மெஷினுக்குள் சுழன்று தண்ணீர் பீய்ச்சும் எந்த ஸ்ப்ரே ஆர்மும் அவ்வளவு ஒழுங்காகக் கழுவாது.

4. சாப்பாட்டு நேரம்

ஆறு மாதம் கழித்து ஃபில்டர் சர்வீஸுக்குப் போனேன். வேண்டுமென்றே மத்தியானம் ஒரு மணிக்குப் போனேன். இதுதான் நான் கற்றுக்கொண்டது. இப்போதும் எந்த வீட்டுக்கு அளவெடுக்கப் போனாலும், ஒரு முறையாவது சாப்பாட்டு நேரத்தில் போய்விடுவேன். பதினோரு மணிக்குப் போனால் அடுப்படி எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எதில் சாப்பிடுகிறார்கள், யார் எங்கே உட்காருகிறார்கள், யார் எழுந்து கழுவுகிறார்கள் என்பது ஒரு மணிக்குத்தான் தெரியும். படிவத்தில் தட்டு எண்ணிக்கையை நானாக நிரப்புவதையும் விட்டுவிட்டேன். எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஃபில்டரைக் கழுவி மாட்டி, தண்ணீரை மென்மையாக்க மெஷினில் போடும் உப்பை நிரப்பி எழுந்தபோது அன்று விடுமுறை என்பதால் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சஹன். நூர்ஜஹான் கையில் உறை இல்லை. வலது கையில் ஒரு விரல் ஓரம் மட்டும் இன்னும் கொஞ்சம் சிவப்பு.

"வா பாப்பா, உக்காரு."

"தனியா ஒரு தட்டுல போட்டுக் குடுங்கம்மா, போதும்" என்று சொல்லப் போனேன். சொல்லவில்லை. ஷமீம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.

நூர்ஜஹான் சோற்றில் குழம்பை விட்டுப் பிசைந்தார். சிவந்த விரலை மட்டும் சற்றுத் தூக்கிக்கொண்டு, மற்ற நான்கு விரல்களால் பிசைந்தார். ராவுத்தர் தன் பக்கத்துச் சோற்றைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியுதா?"

"இல்ல. நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, நூர்ஜஹான் ஒரு கறித்துண்டை விரலால் என் பக்கம் தள்ளினார்.

சாப்பிட்டு முடித்ததும் ராவுத்தர் சஹனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். கொல்லைக் கதவு திறந்தே இருந்தது.