சின்னவர் பேசும் நேரம்

கல்லூரியில் முதல் வாரமே நான் நடத்தும் பாடம் ஒன்று உண்டு. ஒரு சர்வரை இணையத்தில் இணைத்தால், அதில் என்னென்ன சேவைகள் ஓடுகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். வேண்டாததை மூட வேண்டும், திறந்து கிடந்தால் அதன் வழியாக யாரும் உள்ளே வரலாம். திருச்செங்கோட்டுப் பிள்ளைகளுக்கு விளங்கட்டும் என்று, தண்ணீர் வராத ஆழ்துளைக் கிணற்றை மூடாமல், அதைத் தோண்டிய ரிக் வண்டியை நகர்த்தக் கூடாது என்று உதாரணம் வேறு சொல்வேன். அது என் அப்பாவின் சட்டம். ரிக் வண்டியோடு வடக்கெல்லாம் சுற்றியவர், குழிக்கு மூடி போட்டு, காலால் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

எங்கள் வீட்டில் ஒரு சர்வர் இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து நானே தேற்றியது. வீட்டில் நானும் அப்பாவும்தான். பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சும் வலது பக்கமும் போன பிறகு, அவர் அறையில் ஒரு கேமராவை மாட்டி இந்தச் சர்வரோடு இணைத்தேன். அதில் பார்க்கலாம், பேசவும் செய்யலாம். தம்பி சத்தீஸ்கரில் ரிக் வண்டியில் இருக்கிறான். “பாஸ்வேர்டெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காதுக்கா. தொட்டா அப்பா மூஞ்சி தெரியோணும், அவ்வளவுதான்” என்றான். அவனுக்காக ரவுட்டரில் ஒரு வழியைத் திறந்து, பாஸ்வேர்டையும் எடுத்துவிட்டேன். அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆட்டையாம்பட்டியிலிருந்து ஓர் அம்மா பஸ்ஸில் வருவார். நல்ல கைப்பக்குவம், பொறுமை. அவர் வந்த பிறகுதான் எனக்குக் கல்லூரியில் மனம் நின்று வேலை ஓடியது.

கொஞ்ச நாளாக அப்பாவிடம் ஒரு புதுப் பழக்கம். இடது கையால் துண்டை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்வார். வெளிச்சம் கூசுகிறது, ஈ மொய்க்கிறது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். இந்த நோயில் இப்படிப் பிடிவாதம் வரும் என்றார் டாக்டர். இடைவேளையில் நான் போனைத் திறந்தால் துண்டுதான் தெரியும். “துண்டை எடுத்து உடுங்க, மூஞ்சியே தெரியல” என்று கேமரா வழியாகவே சத்தம் போடுவேன். அந்த அம்மா எடுத்துவிடுவார். அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். எனக்கு எரிச்சலாகக்கூட வந்திருக்கிறது.

அன்று கல்லூரிக்கு விடுமுறை. நான் வீட்டில் இருக்கும் நாட்களில் கேமராவை அணைத்துவிடுவது வழக்கம், அன்று மறந்துவிட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், அடுத்த நாள் செய்முறை வகுப்புக்கு நம் வீட்டுச் சர்வரையே காட்டலாமே என்று, அதில் திறந்திருக்கும் சேவைகளின் பட்டியலைக் கேட்டேன். நாலைந்துதான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். பதினொன்று வந்தது. எப்போதோ பழைய இரும்புக்குப் போட்ட பிரிண்டருக்காக ஒன்று இன்னும் காத்துக்கொண்டிருந்தது. படித்து முடித்து வேலைக்கும் போய்விட்ட ஒரு மாணவியின் ப்ராஜெக்டுக்காக ஒன்று. எதற்குப் போட்டேன் என்றே தெரியாதவை மூன்று. ஒவ்வொன்றாக நிறுத்தினேன். நிறுத்தினால் மட்டும் போதாது, கரண்ட் போய் வந்தால் தானே எழுந்துகொள்ளும். அதனால் எழாதபடியும் செய்தேன். வீட்டை ஒட்டடை அடிப்பது போல மனதுக்குச் சுகமாக இருந்தது.

கடைசியில் கேமரா. அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தேன். வெளியிலிருந்து ஓர் இணைப்பு அந்த நிமிடமே உயிரோடு இருந்தது. தம்பி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. இந்த வழியை மூடிவிட்டு வேறு செய்துதருகிறேன் என்று சொல்ல அவனைக் கூப்பிட்டேன்.

“கேமராவா? நான் அதைத் தொறந்தே மூணு மாசமாச்சேக்கா. காட்டுக்குள்ள எங்க டவர் எடுக்குது? இன்னைக்குத்தான் டீசல் புடிக்க டவுனுக்கு வந்தோம்.”

போன் காதில் இருக்கும்போதே, அப்பாவின் அறையிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. எனக்குப் புரியாத மொழி. அவசரமே இல்லாத பேச்சு. நடுவில் ஒரு சிரிப்பு.

போய் வாசலில் நின்றேன். அந்த அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“யாருங்க பேசறது?”

“சின்னவருதானுங்க அம்மிணி. நீங்க காலேஜ் போற நாள்ல இந்நேரத்துக்குப் பேசுவாருங்க. வடக்க போயி இந்தியே பழகிருச்சாட்ட இருக்குது. அய்யாவுக்கும் இந்தி தெரியுமல்லங்க, அதான் நான் குறுக்க பேசறதில்லீங்க.”

சின்னவர் என் காதுக்குள் “அக்கா, லைன்ல இருக்கறயா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்பாவின் முகத்தில் துண்டு கிடந்தது. படித்த கட்டளை ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. கேமராவின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். குரல் பாதியில் நின்றது.

அதன் பிறகு சேவையை மூடினேன், ரவுட்டரில் வழியை அடைத்தேன், புகாரும் எழுதிக் கொடுத்தேன். யார் என்று இதுவரை தெரியவில்லை. சர்வரின் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்ததில், அந்த இணைப்பு முதலில் வந்ததும் அப்பா துண்டை இழுக்கத் தொடங்கியதும் ஒரே வாரம். நான் எடுக்கச் சொல்லி எடுக்கச் சொல்லி, அவர் முகத்தை அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆமாம் என்றால் அப்பா ஒருமுறை கண்ணை மூடித் திறப்பார். இத்தனை நாளும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அன்று சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, “மோசமாப் பேசினானாப்பா?” என்று கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடினார். திறக்கவில்லை. அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அந்தச் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. ஆனாலும் கூடத்திலிருந்து நான் குரல் கொடுத்தால் அவர் இடது கை துண்டைத் தேடுகிறது. அதனால் சத்தமில்லாமல் உள்ளே போய், அவர் கண்ணுக்கு நேராக நின்ற பிறகுதான் “அப்பா” என்கிறேன்.