தெல்தோட்டை வீதியில் எங்கள் தன்சல்

புத்தர் பிறந்த நாளான வெசாக் வந்துவிட்டால் எனக்கு வீட்டில் கால் தரிக்காது. ஊர் ஊராகத் தன்சல் போடுவார்கள். வீதியோரம் கொட்டில் அடித்து, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு கொடுப்பார்கள். கண்டி நகரத்துக்கு வேலைக்கு வந்த பிறகு நான் ஒரு வருஷமும் விட்டதில்லை. ஐஸ்கிரீம் தன்சலுக்கு வரிசையில் நிற்பது வீண்வேலை, கைக்கு வருமுன்னே உருகிவிடும். கெலிஓயாவில் முஸ்லிம் கடைக்காரர்கள் சேர்ந்து கொடுக்கும் சர்பத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகலாம். அம்பிட்டிய மேட்டுக் கடலைக்கு நடந்தே ஏறலாம். தெல்தோட்டையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் என் அக்காவும் தவறாமல் என்னோடு வருவாள்.

போன வருஷம் அம்பிட்டியவில் கடலையை மென்றுகொண்டே, "எத்தனை வருஷந்தான் வாங்கித் தின்னுக்கிட்டே திரியிறது? நம்மளும் ஒரு வாட்டி குடுப்போம்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இந்த வெசாக்குக்கு எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனமெல்லாம் சேர்ந்து, வீதியோரம் கொட்டில் அடித்து மரவள்ளிக்கிழங்கு அவித்தோம். தேங்காயும் கொச்சி மிளகாயும் இடித்துச் சம்பல், ஓர் அண்டா நிறைய பால் விடாத பிளேன்டீ. கொடி பிடித்து வண்டிகளை மறித்துக் கூப்பிடுவதுதான் தன்சல் வழக்கம். அதனால் ஆணும் பெண்ணுமாக வீதியில் இறங்கி நின்றோம்.

ஒரு வண்டியும் வரவில்லை. தூரத்து வளைவு வரை வரும், எங்களைக் கண்டதும் திரும்பிப் போய்விடும். கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

"நம்ம கையில வாங்கித் திங்க யோசிக்கிறாங்களோ?" என்று கேட்டாள்.

எங்கள் லயத்து ஆட்டோக்காரர் வந்து சேர்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. "தோட்டத்து ஆளுங்க சம்பளத்துக்காக ரோட்டை மறிச்சிருக்காங்கன்னு கீழ எல்லாரும் பேசிக்கிறாங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் கொடி இருக்கிறது, பக்கத்தில் அண்டா இருக்கிறது, கண்ணில் படாதா? ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. நாங்கள் இத்தனை பேராக ரோட்டில் இறங்கியதெல்லாம் சம்பளம் கேட்கத்தான். கொடுப்பதற்காக நிற்பது எங்களுக்கே அதுதான் முதல் தடவை.

அக்கா ஒரு தட்டில் கிழங்கும் சம்பலும் எடுத்துக்கொண்டு வளைவை நோக்கி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அங்கே திருப்ப இடமில்லாமல் ஒரு பஸ் நின்றது. சாரதி தலையை நீட்டி, சம்பளப் பிரச்சினையா என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா தட்டை உயர்த்தி ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"தன்சல், மாத்தையா."

அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். உறைப்பில் கண் கலங்கியது. இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு பஸ்ஸைக் கொட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தி எல்லோரையும் இறங்கச் சொன்னார். தானும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, தேநீர்க் கோப்பையோடு நடுவீதிக்குப் போய்க் கைகாட்டினார். வந்த வேன் உடனே நின்றது. பின்னாலேயே ஒரு கார், ஒரு லொறி.

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சம்பல் அள்ளிப் போட்டபடியே அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"அவரு மறிச்சா தன்சல். நம்ம மறிச்சா சண்டை."