பின்சக்கரம் ஆடியது, நான் ஆடவில்லை

2005 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. ஆடிக் காற்று எதிர்வீட்டுக் கொடியிலிருந்து இரண்டு பனியன்களை எங்கள் வாசலில் கொண்டுவந்து போட்டிருந்தது. அவற்றை மடித்து மதில்மேல் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு, என் மோட்டார் சைக்கிளை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினேன். அதை விலைக்குக் கேட்டிருந்த ஒருவர் மாலை நான்கு மணிக்குப் பார்க்க வருவதாக இருந்தது. ஒன்பது மணி இருபது நிமிடம் மிச்சம்.

விற்பது என் முடிவல்ல, மகனுடையது. பத்து நாளுக்கு முன் மங்கலம் ரோட்டில் அவன் தன் வண்டியில் எனக்குப் பின்னால் வந்திருக்கிறான். வீட்டில் இறங்கியதும் கேட்டான்.

"அப்பா, ஏனுங்க வண்டி நேராவே போக மாட்டேங்குது? இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. கை நடுங்குதுங்களா?"

"நடுங்கறது வண்டி."

"வண்டி எப்படிங்க தானா நடுங்கும்? உங்களுக்கு அறுபத்தெட்டு ஆச்சுங்க."

"அறுபத்தேழு வருசம் நாலு மாசம்."

"சரிங்க. அந்த எட்டு மாசத்தை நீங்களே வெச்சுக்குங்க. வண்டியக் குடுத்துரலாம்."

வண்டி போனால் வேலையும் போகும். முப்பத்தொரு வருடம் திருப்பூரில் நிட்டிங் மெஷின் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள், வீட்டிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிச் சாமளாபுரத்தில் ஒரு தறிக்குடோனுக்குப் போய், நெய்து வரும் துணியில் குறை பார்த்துச் சொல்கிறேன். இரண்டு பஸ் மாறி, நின்றபடியே போய்வர என் முழங்கால் சம்மதிக்காது. வீட்டோடு உட்கார்ந்துவிட்டால் ஒரு நாளில் எதைத்தான் எண்ணுவது?

மகன் சொன்ன அன்றைக்கே பின்சக்கரத்தை இரு கையாலும் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பார்த்திருந்தேன். இரண்டு தீக்குச்சி கனத்துக்கு ஆடியது. சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் அச்சைத் தாங்கி நிற்கும் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று அதற்கு அர்த்தம். மகனிடம் சொல்லவில்லை. சனிக்கிழமையே புதிய பேரிங் இரண்டும், கிரீஸ் வெளியே கசியாமல் மூடும் ஆயில் சீல் ஒன்றும், ஒரு டப்பா கிரீஸும் வாங்கி வைத்துவிட்டேன்.

செயினைக் கழற்றினேன், பிரேக் கம்பியைக் கழற்றினேன், அச்சை உருவினேன். கழற்றியதையெல்லாம் பழைய செய்தித்தாளில் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினேன். பதினேழு உருப்படி. பிறகு சக்கரத்தை இரண்டு செங்கல்லின்மேல் படுக்கவைத்து, குடத்துக்குள் ஒரு இரும்புக் கம்பியை விட்டுச் சுற்றிச் சுற்றித் தட்டினேன். முதல் பேரிங் நாற்பத்தோராவது அடியில் வெளியே வந்தது. விழுந்த வேகத்தில் அதன் கூடு உடைந்து குண்டுகள் சிதறின. பொறுக்கினேன், ஏழு இருந்தது. எட்டாவது எங்கே? வாசலைக் கூட்டினேன், சாக்கடை ஓரம் பார்த்தேன், செருப்புகளைத் தட்டிப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம் போயிற்று. இரண்டாவது பேரிங்கைத் தட்டியெடுத்து அதில் எண்ணியபோதுதான் தெரிந்தது, இருப்பதே ஏழுதான்.

அதைவிடக் கவலை தந்தது வேறொன்று. குடத்துக்குள் ஒரு துளி கிரீஸ் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் ஈரமான பஞ்சுத்தூசி, திரி மாதிரித் திரண்டிருந்தது. முகர்ந்து பார்த்தேன். முப்பத்தொரு வருடம் என் சட்டையில் இருந்த வாசனை. நீடில் ஆயில்.

நிட்டிங் மெஷினின் ஊசிகளுக்கு விடுகிற எண்ணெய் அது. தண்ணீர் போல மெலிசு. துணியில் பட்டாலும் கறை நிற்காது. அதனாலேயே எங்கள் ஊரில் கதவுக் கீலுக்கும் அதுதான், தையல் மெஷினுக்கும் அதுதான், மின்விசிறிக்கும் அதுதான். நானும் நான்கு வருடமாக ஞாயிறு தவறாமல் பின்சக்கர அச்சோரத்தில் எட்டுச் சொட்டு விட்டு வந்திருக்கிறேன். ஆயிரத்து அறுநூற்று அறுபத்து நான்கு சொட்டு. வண்டியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்து, உள்ளே இருந்த கிரீஸை வாரம் ஒரு தடவை கழுவி வெளியே விட்டிருக்கிறேன். வறண்ட இடத்தில், குடோனிலும் ரோட்டிலும் பறக்கிற பஞ்சு வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு பிட்டர் செய்யக்கூடிய காரியமா இது? பஞ்சைச் சுரண்டியெடுத்துக் குடத்தைத் துடைத்தேன்.

ஒன்பதரை மணிக்கு உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஏனுங்க, ஃப்ரிட்ஜுல ஐஸ் பொட்டிக்குள்ள என்னத்தைங்க வெச்சிருக்கறீங்க?"

"பேரிங்கு. குளுந்தா சுருங்கும். சுருங்குனா சுளுவா உள்ள எறங்கும். கம்பெனியில அப்படித்தான் போடுவோம்."

"நாளைக்குத் தோசையில குண்டு வந்தா என்னங்க பண்றது? உங்களுக்கு இருக்கறதே பதினொரு பல்லு."

"பதினாலு."

"அதையும் எண்ணி வெச்சிருக்கறீங்களா சாமி!" என்று சிரித்தாலும், கொதிநீர் கேட்டபோது மறுக்காமல் ஒரு குண்டா கொண்டுவந்து வைத்தாள். பனியன் வேஸ்ட் துணியை அதில் முக்கிக் குடத்தைச் சுற்றி ஒற்றி ஒற்றிச் சூடேற்றினேன். புதுக் கிரீஸை விரலால் நிரப்பினேன். குளிர்ந்த பேரிங்கை வைத்துத் தட்டினேன். ஒன்பதாவது அடியில் சத்தம் மாறிக் கணீரென்றது. அடியில் போய் உட்கார்ந்துவிட்டது என்று அந்தச் சத்தம் சொல்லும். இரண்டு பேரிங்குக்கும் நடுவே நிற்க வேண்டிய சிறு குழாயை மறவாமல் வைத்து, மறுபக்கத்தையும் முடித்தேன். பதினேழு உருப்படியும் அதனதன் இடத்துக்குப் போயின. செய்தித்தாளில் மிஞ்சியது எண்ணெய்க் கறை மட்டும். சக்கரத்தைப் பிடித்து அசைத்தேன். ஒரு மயிரிழைகூட ஆடவில்லை. முதுகு வலித்தது, விரல்கள் வலித்தன, ஆனால் கை நடுங்கவில்லை. வேண்டுமென்றே இரண்டையும் நீட்டிப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்கு மகன் கம்பெனியிலிருந்து வந்தான். ஷிப்மென்ட் என்பதால் அவனுக்கு ஞாயிறும் வேலை. நடந்ததைச் சொன்னேன். குனிந்து சக்கரத்தை அசைத்துப் பார்த்தான்.

"ஆட்டம் இல்லீங்க. ஆனா நான் உங்க கையைத்தானுங்க சொன்னேன்."

"அப்ப பின்னாலயே வந்து பாரு."

மங்கலம் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் போனேன். காற்று பக்கவாட்டில் தள்ளியது. ஓரத்து வெள்ளைக்கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே, கோட்டோடு கோடாக ஓட்டினேன். ஒரு கம்பெனி வேன் உரசுகிற மாதிரி தாண்டியபோதும் விலகவில்லை. திரும்பி வந்து வாசலில் நிறுத்தியதும் மகன் செல்போனைக் கையில் எடுத்தான்.

"நூல் புடிச்ச மாதிரி போனீங்கப்பா. வரவேண்டாம்னு அவருக்குச் சொல்லிரட்டுங்களா? ஆனா ஒண்ணு. வண்டி வாங்கி நாலு வருசத்துல எப்படிங்க பேரிங்கு போச்சு?"

பழசு, அதனால் போயிற்று என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் போன் செய்திருப்பான், விஷயம் முடிந்திருக்கும். ஆனால் கையைச் சந்தேகப்பட்டவனிடம் கையில் குறையில்லை என்று காட்டியாகிவிட்டது. மூளை செய்த தப்பை மட்டும் ஒளிப்பானேன்? நீடில் ஆயில் கதையைச் சொட்டுக் கணக்கோடு சொன்னேன்.

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்தான்.

"நானும் அதைத்தானுங்க விடறேன்."

"எத்தனை சொட்டு?"

"சொட்டுங்களா? ஆயில் கேனைக் கவுத்து ஊத்தறதுதான்."

எழுந்துபோய் அவன் சக்கரத்தைப் பிடித்து அசைத்தேன். மூன்று தீக்குச்சி கனம்.

முதலில் போன் செய்து, வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொன்னான். பிறகு என்னிடம், "மெக்கானிக்குக்கிட்ட விட்டா அவசரத்துல கண்டபடி அடிப்பானுங்க. நீங்களே கழட்டுங்கப்பா," என்றான். அவனுடைய முப்பது வயதில், என்னிடம் ஒரு வேலை செய்து தரச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பேரிங்குக்குப் பணம் நீட்டினான், நான் வாங்கவில்லை. அடுத்த ஞாயிறு அவன் சக்கரத்தையும் முடித்துக் கொடுத்தேன்.

இரண்டு வண்டிக்கும் சேர்த்து நான்கு பேரிங், இரண்டு ஆயில் சீல், ஒரு டப்பா கிரீஸ். எனக்கு ஆன செலவு ஐந்நூற்று முப்பத்தெட்டு ரூபாய் ஐம்பது காசு.