பேசுவதாக வேண்டிக்கொண்டவன்

பிலிப்பைன்ஸின் பனாய் தீவின் தென்கரையில் இருக்கும் சான் ரொமான் ஊரில் மே மாதம் புனிதர் சான் இசித்ரோவின் திருவிழா வந்தால் கோயிலுக்கு எதிரே மேடை எழும்பும். மேடை எழும்பினால் கொமெத்யா நடக்கும். ராஜாக்களும் இளவரசிகளும் காதலும் சண்டையும் சமாதானமும் எல்லாமே பாட்டாகப் பேசித் தீர்த்துக்கொள்கிற கூத்து அது. ஊரில் பாதிப் பேருக்கு அதில் வேஷம் உண்டு. மக்காரியோவுக்கும் ஒரு வேஷம் இருந்தது. கோட்டை வாசலில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற காவலாளி. வசனம் கிடையாது. கோட்டை விழும்போது அவனும் விழ வேண்டும், அவ்வளவுதான்.

ஊர் அவனைக் கார்யோ என்று கூப்பிட்டது. தொழில் கூரை வேய்வது. நீப்பா ஓலையை அவன் கோர்த்துக் கட்டினால் மூன்று மழைக்காலம் தாங்கும். கூரைமேல் ஏறிவிட்டவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதற்காகவே அவன் அந்தத் தொழிலுக்குப் போனான் என்று மீன் விற்கிற பெனித்தோ சொல்வான். அதில் பொய்யில்லை. கார்யோவுக்குத் திக்குவாய். சாதாரணத் திக்கல் இல்லை. முதல் எழுத்திலேயே தாடை பூட்டிக்கொள்ளும், முகவாய் நடுங்கும், கண் மேலே போகும். எதிரே நிற்பவர்களுக்கே மூச்சு முட்டும். பொறுக்க மாட்டாமல் அவன் சொல்ல வந்ததை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் தப்பாக. அவனும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். அரைக்கிலோ நெத்திலி வாங்கப் போனவன் ஒரு தடவை ஒரு முழு மலங்கு மீனோடு வீட்டுக்கு வந்திருக்கிறான்.

பள்ளிக்கூடம் அவனை இன்னும் பூட்டிவிட்டது. அந்தக் காலத்தில் வகுப்பில் ஆங்கிலம்தான் பேச வேண்டும். வாய் தவறி வீட்டு மொழியான இலோங்கோ வந்துவிட்டால் கழுத்தில் அட்டையைக் கட்டி வெயிலில் நிறுத்துவார்கள். கார்யோவுக்கு எந்த மொழியும் வரவில்லை. ஆனாலும் அட்டை அவன் கழுத்தில்தான் அதிக நாள் தொங்கியது, ஏனென்றால் திக்கித் திணறிக் கடைசியில் வெளியே விழுவது இலோங்கோச் சொல்லாகத்தான் இருக்கும். நான்காம் வகுப்போடு நின்றுவிட்டான்.

நெனித்தா அவனைக் கட்டிக்கொண்டபோது ஊரே ஆச்சரியப்பட்டது. அவள் சந்தையில் இபோஸ் விற்கிறவள். தென்னங்குருத்தில் சுருட்டி அவித்த ஒட்டரிசி. நாக்கு நீளம். "நான் பேசறதுக்கு ஒருத்தன் காது குடுக்கணும்ல. ரெண்டு பேரும் பேசினா வீடு தாங்காது" என்பாள்.

அவர்களுக்குப் பிள்ளை நிற்கவில்லை. இரண்டு குறைப்பிரசவம். மூன்றாவது கர்ப்பம் அறுபத்திரண்டாம் ஆண்டு நவம்பரில் பிரசவத்துக்கு வந்தபோது புயல் அடித்தது. ஆற்றில் வெள்ளம், பாலம் மூழ்கிவிட்டது, நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. வலி தொடங்கி ஒரு பகல் முழுக்கக் கழிந்த பிறகு மருத்துவச்சி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வேண்டிக்க வேண்டியதை வேண்டிக்க, தோத்தோ" என்றாள். அந்த ஊரில் வயசில் சின்னவர்களைச் செல்லமாகத் தோத்தோ என்பார்கள். அன்று அந்தச் சொல் அவனுக்கு ஈரத்துணி மாதிரி மேலே விழுந்தது.

மழையில் நின்றபடி கார்யோ வேண்டிக்கொண்டான். மனசுக்குள் அவன் திக்கியதே இல்லை. அங்கே சொற்கள் தண்ணீர் மாதிரி ஓடும். சான் இசித்ரோவே, ரெண்டு பேரையும் எனக்குக் குடு, உன் மேடையில ஏறி ஊர் கேக்க நான் பேசறேன்.

பெண் குழந்தை பிறந்தது. நெனித்தாவும் பிழைத்தாள்.

சான் ரொமானில் யாரும் காசுக்காக வேஷம் கட்டுவதில்லை. கடலிலிருந்து உயிரோடு திரும்பியவன், காய்ச்சலிலிருந்து எழுந்தவள், இப்படிப் புனிதருக்குக் கொடுத்த வாக்கைத் தீர்க்க வருகிறவர்கள்தான் மேடை ஏறுவார்கள். வேண்டுதல் என்று வந்து கேட்டால் வேஷம் இல்லை என்று சொல்லக் கூடாது. அது ஊர்க் கட்டு. சொன்ன வாக்கைத் தீர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கார்யோ தொட்டிலைப் பார்ப்பான்.

பிப்ரவரியில்தான் நெனித்தாவிடம் விஷயத்தைச் சொல்லி முடித்தான். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"மெழுகுவர்த்தி ஏத்தறேன்னு வேண்டியிருக்கலாம். முட்டிபோட்டு நடக்கறேன்னு வேண்டியிருக்கலாம். கோயிலுக்கே கூரை போட்டுத் தரேன்னாலும் போட்டிருப்ப. பேசறேன்னா வேண்டிக்கிட்ட?"

"வே... வே... வேண்டிக்கிறப்ப தி... திக்கலயே."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நீ காவக்காரனா நிக்கறதையே புனிதர் ஏத்துக்குவார், கார்யோ. அவரும் விவசாயிதான். விவரம் தெரிஞ்சவர்." கார்யோ தலையை ஆட்டினான். ஆமாம் என்கிற ஆட்டல் இல்லை அது.

கூத்தை நடத்துகிறவர் தொரோத்தியோ. சந்தையில் பன்றிக்கறிக் கடை. ஊரே அவரை நோங் தொரோய் என்றது. நோங் என்றால் அண்ணன். தொண்டை பெரிது. கறிக்கடையில் அவர் விலை சொன்னால் படகுத்துறையில் கேட்கும். கூத்தில் அவர் வேலை வசனம் எடுத்துக் கொடுப்பது. சான் ரொமான் கூத்தில் யாரும் வசனத்தை மனப்பாடம் பண்ணுவதில்லை. மேடைக்குப் பின்னால் மூங்கில் தட்டி மறைவில் அவர் நின்று ஒவ்வொரு அடியாகச் சொல்வார். முன்னால் நிற்கிற ராஜா அதையே ராகமாக, உரக்கத் திருப்பிச் சொல்வான்.

கார்யோ கறிக்கடைக்கு முன்னால் போய் நின்றான். தாடை பூட்டிக்கொண்டது.

"ஈரலா?" என்றார் நோங் தொரோய். "கொழுப்பா? குடலா? சூப்புக்கு எலும்பா?"

எல்லாவற்றுக்கும் அவன் தலையை இடம்வலமாக ஆட்டினான். கடைசியில் இபோஸ் கூடையோடு வந்த நெனித்தாதான் சொன்னாள். "வேண்டுதல், நோங். பேசற வேஷம் வேணுமாம்."

நோங் தொரோய் கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்துக் கடையில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்த பெனித்தோவின் கையும் நின்றது. கூத்தில் ராஜா வேஷம் பெனித்தோவுக்கு; பல வருஷமாக.

"இவன் பேசி முடிக்கறதுக்குள்ள என் மீன் நாறிப்போயிடும்" என்றான் பெனித்தோ. "திருவிழா ஒரு நாள்தான், நோங். அடுத்த வருஷத் திருவிழா வந்துடப் போவுது."

"உன் மீன் எப்பவுமே நாறும். நீ சும்மா இரு." நோங் தொரோய் கார்யோவிடம் திரும்பினார். "சுல்தான் மகன் வேஷம் தரேன். ராஜாகிட்ட வெட்டுப்பட்டு விழுவான். நாலு பாட்டுச் சொல்லிட்டுச் செத்துடுவான். நடுவுல சிக்கிடுச்சுன்னு வை, அப்படியே செத்துடு. வெட்டுப்பட்டவன் ஏன் பேசலன்னு எவனும் கேக்க மாட்டான்."

அந்தப் பாட்டுகளுக்கு வயசு தெரியாது. ஸ்பானியப் பாதிரிகள் வந்த காலத்தில் அவர்களோடு வந்த கூத்து அது. கதையில் வருகிற ராஜாக்களை ஊரில் யாரும் பார்த்ததில்லை. அந்த நாடுகள் எங்கே இருக்கின்றன என்றும் தெரியாது. பாதிரி கொடுத்தது கதையை மட்டும்தான். அதைச் சொன்ன மொழி சந்தையின் மொழி. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், கோயிலில் லத்தீன், மனிலாவிலிருந்து வரும் பேச்சில் தகலோக். எங்கேயும் உட்கார நாற்காலி கிடைக்காத மொழி அந்த மேடையில் மட்டும் கிரீடம் வைத்துக்கொண்டு நடந்தது. நான்கு அடிக்கு ஒரு பாட்டு. ஒவ்வோர் அடியும் நடைக்கு ஏற்ற அளவு. பேசுகிறவன் நின்ற இடத்தில் நின்று பேச மாட்டான். வாத்தியக்காரர்கள் முரசு அடிக்க, தட்டுக்கு ஓர் எட்டாக நடந்துகொண்டே பேசுவான்.

முதல் ஒத்திகையில் கார்யோவின் தாடை பூட்டிக்கொண்டது. நோங் தொரோய் அடியைச் சொன்னார். மறுபடி சொன்னார். வாத்தியக்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருவன் அலுத்துப்போய் முரசைத் தட்ட ஆரம்பித்தான். கார்யோவின் கால், பழக்க தோஷம், தானாக நடந்தது. காவலாளியாகவே அந்த நடையை எத்தனையோ முறை நடந்திருக்கிறான். நோங் தொரோய் இன்னொரு தடவை அடியைச் சொன்னார். அந்தக் குரல் முன்னால் போனது. கார்யோ அதன் பின்னாலேயே, ஆற்றைக் கடக்கிறவன் எருமை வாலைப் பிடித்துக்கொள்வது போல, தொற்றிக்கொண்டு போனான். ஒரு முழு அடி வெளியே வந்துவிட்டது.

அதிர்ச்சியில் அவன் வாளைத் தொங்கவிட்டுவிட்டான்.

"வாளைத் தூக்குடா, கூரைக்காரா" என்று தட்டிக்குப் பின்னாலிருந்து கத்தினார் நோங் தொரோய்.

"வாளைத் தூக்குடா, கூரைக்காராஆஆ" என்று கார்யோ நெஞ்சை நிமிர்த்தி, ராகத்தோடு, ஊர்க் கோடி வரை கேட்கிற மாதிரி பாடினான்.

வாத்தியக்காரர்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். பெனித்தோவுக்குக் கிரீடம் கழன்று விழுந்தது. கார்யோ சிரிக்கவில்லை. தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறந்ததிலிருந்து மற்றவர்களுக்கு முன்னால் அவன் ஒரே மூச்சில் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

வீட்டுக்கு வந்ததும் நெனித்தாவிடம் சொல்லப் போனான், திக்கியது. பாட்டுக்கு வெளியே எதுவும் மாறவில்லை. ஆனாலும் ராத்திரிச் சோறு அவனுக்கு அன்றைக்கு வேறு மாதிரி இனித்தது.

திருவிழா அன்று மத்தியானமே சதுக்கம் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் மேடைக்கு நீப்பாக் கூரை போடுவது கார்யோதான். இந்த வருஷம் பேசுகிற வேஷக்காரனை வேலை வாங்க வேண்டாம் என்று விழாக் குழு மரியாதையாகத் தகரம் அடித்துவிட்டது. வெயிலில் தகரம் தகதகத்தது. முதல் வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நெனித்தா. வெள்ளைத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு சுல்தான் மகன் மேடை ஏறியபோது மீன்காரிகள் பக்கம் ஒரு சலசலப்பு. "நம்ம கார்யோவா? வசனமா?" "குடிச்சிருக்கானா, குழு குடிச்சிருக்கா?"

சண்டை நடந்தது. பெனித்தோ வெட்டினான். கார்யோ ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முதல் பாட்டைத் தொடங்கினான். தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, முரசு வந்தது, கால் நடந்தது, சொல் வந்தது. சதுக்கம் அடங்கிவிட்டது. இரண்டாம் பாட்டும் முடிந்தது. மூன்றாவதின் கடைசி அடியில் வானம் இருட்டி, மழை கொட்டியது.

சான் இசித்ரோ உழவர்களின் புனிதர். மே மாதம் மழை கேட்டுத்தான் அவருக்கு விழா. அதனால் யாரும் எழுந்து ஓடவில்லை. சிலர் சிலுவை போட்டு நன்றி சொன்னார்கள். ஆனால் தகரத்தில் விழுந்த மழைக்கு நோங் தொரோயின் தொண்டைகூடச் சமமில்லை. தட்டிக்குப் பின்னால் அவர் கத்துவது வாயசைவாகத்தான் இருந்திருக்கும். முரசும் நனைந்து தொம்மென்று ஓய்ந்துவிட்டது.

கார்யோ நின்றான். பிடித்துக்கொள்ள எருமை வால் இல்லை. முகவாய் நடுங்க ஆரம்பித்தது. ஊருக்குத் தெரியும் அந்த நடுக்கம்.

"செத்துடு" என்றான் பெனித்தோ, உதடு அசையாமல். "போதும்டா. மூணு பாட்டு சொல்லிட்ட. செத்துடு."

விழுந்திருக்கலாம். புனிதர்கூட ஏற்றுக்கொண்டிருப்பார். கார்யோ குழந்தையைப் பார்த்தான், விழாமல் நின்றான்.

நெனித்தாதான் முதலில் எழுந்தாள். தலையில் மழை ஊற்ற, சந்தையில் கூவுகிற அதே குரலில், நான்காம் பாட்டின் முதல் அடியைக் கூவினாள். அவள் அதைப் படித்தவளில்லை. சின்ன வயசிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் கேட்டவள். பக்கத்தில் இருந்த மீன்காரிகள் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். பின்வரிசையில் கள் குடித்துக்கொண்டிருந்தவர்கள் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்கள். பிறகு சதுக்கமே தட்டியது. அந்த ஊரில் சுல்தான் மகனின் சாவுப் பாட்டு தெரியாதவர்கள் யாரும் இல்லை.

ஒவ்வோர் அடியையும் ஊர் சொன்னது. சொல்லிவிட்டு நிறுத்தியது. இத்தனை வருஷமாக அவன் பேச்சை முடித்து வைத்த அதே ஆட்கள், வாயை மூடிக்கொண்டு, அவனுக்காகக் காத்திருந்தார்கள். கார்யோவின் கால் நடந்தது.

"கடலே, என் தாயின் கரையைக் கண்டால்
கப்பல் திரும்பாது என்று சொல்;
கடைசிவரைக்கும் நின்றான் என்று சொல்,
கண்ணீர் விட்டதைச் சொல்லாதே, கடலே."

ஒரு சொல்கூடச் சிக்கவில்லை. கடைசிக் 'கடலே'வை அவன் தேவைக்கு மேல் நீட்டினான், விட மனசில்லை. பிறகு பலகையில் மல்லாந்து விழுந்து செத்தான்.

கூத்து விதிப்படி ராஜா இப்போது பிணத்தின் பக்கத்தில் நின்று எட்டுப் பாட்டு வெற்றி முழக்கம் செய்ய வேண்டும். பெனித்தோ வாளை உயர்த்தினான். தகரத்தில் ஆணி அடித்த ஓட்டை வழியாக மழை சொட்டுச் சொட்டாகக் கார்யோவின் நெற்றியில் விழுந்தது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் காதுவரை விரிந்திருந்தது.

"பொணம் சிரிக்குது" என்று கத்தினாள் ஒரு மீன்காரி.

"வாயை மூடுடா" என்று பெனித்தோ பல்லைக் கடித்தான். "ஜெயிச்சது நானு. நீ செத்துட்ட."

"தெ... தெ... தெரியும்" என்றது பிணம். அதற்குமேல் அடக்க முடியாமல் ராஜாவும் சிரித்துவிட்டான். அவனுடைய முதல் அடியையும் ஊர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கார்யோ அசையாமல் படுத்து, எட்டுப் பாட்டையும் கேட்டான். எழுந்துகொள்ள அவனுக்கு எந்த அவசரமும் இல்லை.