டீச்சர் வாங்கிய பூஜ்ஜியம்

என் மனைவி கணக்கு டீச்சர். மார்க் போடுவதில் மகா கஞ்சம். அரை மார்க்குக்கு அவளிடம் கெஞ்சிய பிள்ளைகள் இன்றும் தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். அப்படிப்பட்டவளின் வலது கையிலிருந்து போன வருடம் சாக்பீஸ் நழுவ ஆரம்பித்தது. எழுதுகிற பூஜ்ஜியம்கூட மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

ஸ்கேன் பார்த்த நரம்பு டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே உங்க நரம்போட உறையைக் கடிச்சு வைக்குது. பி செல்னு அதுல ஒரு வகை, மத்ததையும் தூண்டிவிடுது. அதைக் குறைக்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மருந்து ஏத்தணும். புதுசா கடிக்கிறதைத் தடுக்கும். போன பலம் திரும்புமான்னு உறுதி சொல்ல மாட்டேன்."

"போர்டுல எழுத முடியுமா டாக்டர்?" அவள் கேட்டது அது ஒன்றுதான். எழுத முடியாவிட்டால் பள்ளி திறந்ததும் ஆபீஸ் வேலைக்கு மாற்றிவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்.

மருந்து ஏறியது. சமையலறைக் கதவின் பின்பக்கம் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். தினமும் காலையில் அதில் பத்து பூஜ்ஜியம் போடுவாள். நான் பஸ் ஓட்டக் கிளம்புமுன் துடைத்துவிடுவேன். கருத்து எதுவும் சொல்வதில்லை, சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட்டில் பி செல் என்ற வரிக்கு நேரே பூஜ்ஜியம். குறைக்கத்தானே சொன்னார்கள், அடியோடு துடைத்துவிட்டார்களே என்று எனக்குப் பயம். அவள் கண்ணில் படாமல் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குள் போனேன்.

"என்னங்க, பெயிலா?" என்றாள் என் முகத்தைப் பார்த்து.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "இதைத்தான் எதிர்பார்த்தேன். தூண்டிவிட ஆளே இல்ல. காவலுக்கு வேற அணுக்கள் இருக்கு. காய்ச்சல் வந்தா மட்டும் உடனே ஓடி வந்துடுங்க."

"முட்டை வாங்கிட்டு சந்தோஷப்படுற கணக்கு டீச்சர் நான் ஒருத்திதான்" என்றாள் இவள்.

மருந்து ஏற்றிய அன்று ஒரே குத்தில் ரத்தக்குழாயைப் பிடித்த நர்ஸுக்கு நன்றி சொல்லிவிட்டேன். இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்களின் முகம்தான் தெரியாது. தெரிந்தால் காலில் விழுந்திருப்பேன்.

பள்ளி திறக்கிற நாள் காலை, கதவில் பத்து பூஜ்ஜியங்கள். ஒன்பது மூடியிருந்தன. கடைசியில் மட்டும் நூலளவு இடைவெளி.

"முழு மார்க் போடலாமே" என்றேன்.

"பத்துக்கு ஒன்பதுதான்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அன்றைக்கு நான் கதவைத் துடைக்காமல் வேலைக்குப் போனேன்.