பெயர் நீங்கிய பின்

2007 இலையுதிர் காலத்தில், எட்மண்டனில் பஸ் ஓட்டுகிற செபமாலைமுத்துவின் வீட்டுக்குப் பொலிஸ்காரி கடைசித் தடவையாக வந்துபோனாள். அவருடைய மகன் நிர்மலன் பதினாலு வயதில், ஹரோவில் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் தகாத முறையில் நடந்துகொண்டான். கோர்ட் அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால் பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டில் அவன் பெயர் இரண்டரை வருடம் இருந்தது. வளர்ந்தவன் என்றால் ஐந்து வருடம். அந்தத் தவணை முடிந்துவிட்டது, இனி வீடு மாறினாலும் பொலிசுக்கு அறிவிக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மனைவி பியற்றிஸ் நிம்மதியில் அழுதாள். செபமாலைமுத்துவுக்கு அந்த நிம்மதி வரவில்லை. இவ்வளவு காலமும் கோயில் சனத்துக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான் பயந்தார். இனி இவனை யார் கண்காணிப்பது என்ற பயம் அதைவிடப் பெரிதாக வந்து உட்கார்ந்தது. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி நினைக்கிறேனே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அந்தக் கிழமையே தங்கை பிறேமினி போன் எடுத்தாள். செவன் கிங்ஸில் வாங்கிய வீட்டில் திருத்த வேலை முடியவில்லை, ஏழு வயது மகளோடு கொஞ்ச நாள் வந்து நிற்கலாமா என்று கேட்டாள். முன்பெல்லாம் அவள் தங்கிநிற்கக் கேட்டால் ஷிப்ட், காய்ச்சல் என்று தட்டிக்கழித்தவர், இம்முறை வரச்சொல்லிவிட்டார். போனை வைத்ததும், தங்கைக்கு விசயத்தைச் சொல்லவேண்டாமா என்று மனைவியிடம் கேட்டார். சட்டமே விட்டுவிட்டது, நாங்கள் ஏன் கிளறவேண்டும் என்றாள் பியற்றிஸ்.

படிக்கட்டில் நின்று கேட்ட நிர்மலன் இறங்கி வந்தான்.

"அப்பா, மாமிக்குச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுறன்."

"நீ திருந்தீட்டாய்தானே?"

"ஓம். எண்டாலும் மாமிக்குத் தெரியாமல் அந்தப் பிள்ளை இந்த வீட்டில நிக்கக்கூடாது."

மறுநாள், அடுப்பு வரைக்கும் சீமெந்துத் தூசி படிந்த தங்கையின் குசினியில் நின்று செபமாலைமுத்து எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் பிறேமினி ஒன்றுதான் கேட்டாள்.

"போன மார்கழி நத்தாருக்கு வந்தனாங்களே அண்ணை, அண்டைக்கு?"

"அண்டைக்கு முழுக்க நான் அவன் பக்கத்தை விட்டு விலகேல்லை. சத்தியமாய்."

அவள் அவரைப் பார்க்காமல் போய் வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

பிறகு அவள் வரவில்லை. மகளோடு அந்தத் தூசிக்குள்ளேயே இருந்தாள். கோயிலில் மாதத் தமிழ்ப் பூசை முடிந்து அவள் யாரோடு நின்று கதைத்தாலும் செபமாலைமுத்து எட்ட நின்று அவள் முகத்தையே பார்ப்பார். ஆனால் அவள் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை.

குளிர் விட்ட பிறகு ஒருநாள் தனியே வந்தாள். நிர்மலன் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, அவனுடைய படிப்பைப் பற்றி விசாரித்தாள். போகும்போது அண்ணனிடம் மட்டும் சொன்னாள்:

"பிள்ளையைக் கூட்டிவர இப்ப ஏலாது அண்ணை. பிறகும் ஏலுமோ தெரியாது."

செபமாலைமுத்து தலையாட்டினார். பஸ் தரிப்பிடம் வரை அவளோடு கூட நடந்தார்.