எந்தக் குப்பி வலக்கண்ணுக்கு

என் அண்ணை இத்தாலிக் கப்பலொன்றில் குசினியில் சமையல் வேலைக்குப் போய், நாலு மாதத்தில் ஊர்காவற்றுறைக்குத் திரும்பி வந்தார். கொதி எண்ணெய் தெறித்து வலக்கண் வெந்திருந்தது. இடக்கண்ணிலும் கொஞ்சம் பட்டிருந்தது. அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். சொட்டை மாற்றி விட்டால் வலக்கண் தேறாது, கப்பலிலும் திரும்ப எடுக்கமாட்டார்கள் என்று அவரே சொன்னார்.

குப்பிகள் இரண்டும் ஒரே மாதிரி. ஒட்டியிருந்த துண்டில் டாக்குத்தர் எழுதிய சொல்தான் வேறு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இங்கிலீசு எழுத்தும் பிடிபடாது. ஒன்று வயிறு தள்ளின எழுத்தில் தொடங்கியது, மற்றது பாம்பு நெளிகிற எழுத்தில். அப்படித்தான் அடையாளம் வைத்தேன்.

பார்க்க வந்த சனத்துக்கு அண்ணை கதை அளந்தார். "இத்தாலிப் பாஷை என்ன பெரிய பாஷையே? குசினியை அவங்களும் குசினி எண்டுதான் சொல்லுறாங்கள். ஞாயிறு தவறாமல் அவங்கட கோயில்லதான் பூசை கண்டனான்."

"அப்ப நாங்களும் அரைவாசி இத்தாலிக்காரர்தான்" என்றா பக்கத்து வீட்டு அக்கா.

முதல்நாள் பின்னேரம், பாம்பெழுத்துத்தான் வலக்கண்ணுக்கு என்றார். விட்டேன். மறுநாள் காலை வயிற்றெழுத்து என்றார். பின்னேரம் திரும்பவும் பாம்பு.

"காலமை மற்றதல்லோ சொன்னனீங்கள்?"

"நான் எப்ப சொன்னனான்? உனக்குத்தான் விளங்கேல்லை."

அதற்குள் இடக்கண்ணும் சிவந்து கலங்கியது. கடற்காற்று என்றார். நான் நம்பவில்லை. ஆனால் மூத்தவரை எதிர்த்துக் கேட்க வாய் வரவில்லை.

ஞாயிறு பூசையில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நாளில் எல்லாம் லத்தீன்தான். தமிழ் எழுத்தில் லத்தீன், அதன் கீழே கருத்து. "தெக்ஸ்தெராம்" என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. கீழே, பிதாவின் வலது பாரிசம் என்றிருந்தது. இத்தாலிப் பாஷை லத்தீனில் இருந்து வந்தது என்று சுவாமியார் சொல்லுவார்; அப்படியென்றால் குப்பியிலும் இதுபோல ஒரு சொல் இருக்க வேண்டும். ஒரு சாட்சி போதாது என்று செத்தவீட்டுப் பாட்டையும் புரட்டினேன். அங்கே "தெக்ஸ்த்ரா". அதற்கும் வலப்பக்கம் என்றுதான் போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து குப்பியை நீட்டினேன்.

"அண்ணை, வயிறு தள்ளினதை ஒருக்கா வாசியுங்கோ."

கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். "தெஸ்த்ரோ."

"அதுதான் வலது."

"நீ எந்தக் கப்பலில போனனீ?"

"கோயில்ல பாடுறனாங்கள்." இரண்டு இடத்தையும் வாசித்துக் காட்டினேன்.

குப்பியை என் கையில் திருப்பி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரியாது, பிள்ளை. அங்க ஒருத்தன் சொல்லித் தந்தவன், வழியில மறந்துபோச்சு. சனத்துக்குச் சொல்லிப்போடாதை" என்றார்.

அவர் அங்கே ஒரு பூசையாவது கண்டிருப்பாரா என்று யோசித்தேன். கேட்கவில்லை.

வயிற்றெழுத்தை வலக்கண்ணுக்கு விட்டேன். மூன்று கிழமை கழித்துத் துறைக்குக் கூட்டிப்போனேன். கையால் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, "எல்லாம் தெரியுது" என்றார்.

"கையை எடுங்கோ, நான் பொத்துறன்."

"விரலுக்குள்ளால பாக்கிறன் எண்டு நினைக்கிறியோ?"

"ஓம்."

என் உள்ளங்கையை அழுத்தி வைத்தேன். கடற்கோட்டைப் பக்கம் பார்த்து, "ரண்டு தோணி வருகுது. பின்னால வாறதுக்குப் பாய் கிழிஞ்சிருக்கு" என்றார்.

நானும் பார்த்தேன். கிழிந்துதான் இருந்தது.